அக்காவின் விரல்

பொறாமையை முகம் மறைத்தாலும் விரல் வியர்வை காட்டிக்கொடுத்துவிடும் என்று நிரூபித்து ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டாள் தங்கை. ஒரு கை சோதனையில் கண்டது, அதையே திரும்பச் செய்து பார்க்கும் மறு கைக்கும் கிடைத்தால்தான் இந்த ஆய்வுக்கூடத்தில் உண்மை. அந்த மறு கை அக்காவுடையது. தங்கையின் முடிவு பொய்த்துப்போகாதா என்ற நப்பாசை அவளுக்கு. காலை வெயில் பாதி மேசை ஏறியிருக்கிறது. சோதனைக்கு ஆட்கள் வருமுன் கருவியைச் சரிபார்க்க, வியர்வை அளக்கும் பட்டைகளைத் தன் விரல்களிலேயே சுற்றியிருக்கிறாள். திரையில் பச்சைக் கோடு அசையாமல் கிடக்கிறது. கதவைத் திறந்து தங்கை எட்டிப் பார்க்கிறாள். விருது விழாவின் அட்டை இன்னும் கழுத்தில் தொங்குகிறது. "என்னக்கா, எனக்கு வந்த மாதிரியே வருதா?" "எங்கடி வருது? உனக்கு ஏதோ குருட்டாம்போக்குல வந்திருக்கு," என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறாள் அக்கா. தங்கை அந்த முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் விறுவிறுவென்று ஏறும் கோட்டையே பார்க்கிறாள். "வருதேக்கா," என்கிறாள் மெதுவாக.