நன்றி சொன்ன பிறகு

ஆய்வுக்கூடத்தில் நிபியா தாடையைக் குளிர்ந்த உலோகத் தாங்கியில் வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வரும் கோடு இடப்பக்கம் சாய்ந்ததா, வலப்பக்கமா என்று சொல்ல வேண்டும். அது எவ்வளவு நிச்சயம் என்று ஒன்றிலிருந்து நான்கு வரை விரலால் தட்ட வேண்டும்; ஒரே தட்டு என்றால் வெறும் ஊகம். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்மண்டையில் வைத்த காந்தச் சுருள் ‘டக்’ என்றது.

“கண்ணு ஒழுங்காத்தான் பாக்கும் நிபியா. பாத்ததை நம்புறதுதான் கொஞ்சம் ஆட்டம் காணும்,” என்றான் ஆய்வாளன் ஹெர்மான். “முடிஞ்சதும் சரியாயிடும், பயப்படாதீங்க.”

முடிந்தது. மழையில் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தாள். கணவன் ரூபென் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினான்.

“தலையில காந்தம் வச்சாங்களே, இனி கரண்டியெல்லாம் வந்து ஒட்டிக்குமா?”

சிரித்தாள். குடித்துவிட்டுக் கொடுத்தாள். அவன் மறுபடி நிரப்பி நீட்டினான். அது ரூபெனின் முகம்தான். ஆனால் அவள் விரல் தானாகவே தொடையில் ஒரே ஒரு தட்டு தட்டியது.

“நன்றி,” என்றாள். அவர்கள் ஊரான மொந்தெவிதெயோவில் அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு யாரும் மறுபடி மாத்தே நீட்ட மாட்டார்கள். சொல்லாதவரை குடுவை வந்துகொண்டே இருக்கும்.

ரூபென் தலையாட்டினான். வெந்நீர் ஊற்றினான். அவளிடமே நீட்டினான்.

“நன்றின்னு சொன்னேனே.”

“காதுல விழுந்துச்சு. எவ்வளவு நிச்சயமா சொல்றே?”

ஆய்வுக்கூடத்தில் என்ன கேட்டார்கள் என்று அவள் அவனிடம் சொல்லவே இல்லை. அவன் முகத்தைப் பார்க்காமலிருக்கக் குனிந்தாள். தாடை இறங்கவில்லை. கீழே குளிர்ந்த, கெட்டியான ஏதோ ஒன்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.