கறுப்பு வெள்ளைப் பலகை

"என்னப்பா, கலரே இல்ல?"

பெட்டியைப் பிரித்த வித்யாவின் முகம் தொங்கிப்போனது. பக்கத்தில் நின்ற அவள் அம்மா அருணாவுக்கோ அழுகையே முட்டிக்கொண்டு வந்தது.

பின்னே? ஒரு மாசமாக வீடே கூடிப் பேசி எடுத்த முடிவல்லவா? அருணாவுக்குக் கதை படிக்காமல் தூக்கம் வராது. போனில் பொடி எழுத்தைப் படித்துப் படித்துக் கண் எரிகிறது என்றாள். "மதினிக்குப் பெரிய டேப்லட்டா வாங்கு" என்றான் கொழுந்தன் மனோஜ். மாமியாரும் மகளும் அதற்கு ஒத்து ஊதினார்கள். அருணாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்மேல் எல்லோருக்கும் இவ்வளவு பாசமா!

ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு ஓட்டும் அவள் புருஷன் லிங்கேஸ்வரன், மதுரை வரைக்கும் போய் வாங்கி வந்ததோ, படிக்க மட்டுமே ஆகிற பெரிய ஈ-ரீடர்.

மனோஜ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல கிரிக்கெட்டு வருமாண்ணே?"

"வராதுடா."

"பாட்டாச்சும்?"

"ம்ஹூம். புத்தகம் மட்டுந்தான்."

"போண்ணே, மதினிய நல்லா ஏமாத்திட்ட!" அருணா கையில் கொடுத்துவிட்டு வெளியே கிளம்பிவிட்டான்.

மாமியார் வேலுத்தாய் வாங்கிக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"சீரியல் தெரியுமாப்பு?"

"எழுத்துதாம்மா தெரியும்."

"இதுக்கு டேப்லட்ட விடக் கூட விலையா? கூறுகெட்ட பய! இந்தாத்தா, நீயே வச்சுக்க." அவளும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"கேமும் ஓடாதாம்மா" என்று சலித்துக்கொண்டே வித்யாவும் எழுந்து போனாள்.

அருணாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, இம்புட்டுக் காசையும் குடுத்து எல்லார் வாயிலயும் விழணுமா? நாளைக்கு நம்ம சிலமலை ஊரே சிரிக்கும். பொண்டாட்டிக்குத்தான, இது போதும்னு நெனைச்சிட்டீங்க!"

லிங்கேஸ்வரன் கோபப்படவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உன் போனு எங்க?"

"வித்யாகிட்ட. அவ தூங்கினாத்தான எனக்கு."

"அதுக்கு முந்தி வாங்கித் தந்தது?"

"அத்தைகிட்ட."

"உனக்குன்னு ஆசையா வாங்குனேனே, பாட்டுக் கேக்குற பொட்டி?"

"அது... மனோஜு கேட்டான்னு..."

அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. அவன் மெதுவாகக் கேட்டான்:

"இதுவே டேப்லட்டா இருந்தா, இந்நேரம் உன் கையில இருக்குமா புள்ள?"