நடுப்படியில் சூர்யகலா

திண்டிவனத்து உச்சிவெயிலில் படிக்கட்டு கொதிக்கிறது. மாடியில் வாடகைக்கு இருக்கும் சூர்யகலா நடுப்படியில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். கீழே கொத்தனார் மணிமாறன் சம்மட்டியோடு நிற்கிறார். முதல் படியின் ஓரம் ஏற்கெனவே பெயர்ந்து கிடக்கிறது. "அப்ரூவல் இல்லாத மாடி. நகராட்சியே இடிக்கச் சொல்லிடுச்சி, ஜல்தியா காலி பண்ணும்மா," என்கிறார் வீட்டுக்காரர் அரங்கநாதன். "கட்டினது நீங்க. கோர்ட்டு ஆர்டர் இல்லாம என்னை எறக்க முடியாதுங்க." சூர்யகலா சொல்கிறாள்; கால் நகரவில்லை. மாடியில் காய்ச்சலில் கிடக்கும் மகள் இருமுகிறாள். "இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? அடி!" என்று அரங்கநாதன் கொத்தனாரை அதட்டுகிறார். சம்மட்டி உயர்கிறது. சூர்யகலா கண்களை மூடிக்கொள்கிறாள். முன்பே பெயர்ந்த படியின் சிமெண்டுத் தூசு மூக்கில் ஏறுகிறது. அடி விழவில்லை. கண் திறந்து பார்க்கிறாள். சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து மணிமாறன் முண்டாசை அவிழ்க்கிறார். "ஆர்டர் வரட்டுங்க மொதலாளி," என்கிறார்.