பன்னிரண்டு படிவங்கள்

"சார், லைட்டைப் போடுங்க! இருட்டுல நான் பேசறது யாருக்குத் தெரியும்?"

சைகை மொழிபெயர்ப்பாளர் அக்கா கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. திரையில் படம் பளிச்சென்று தெரியட்டும் என்று வகுப்பறை விளக்குகளை அணைத்த புத்திசாலி நான்தான். காது கேளாத பன்னிரண்டு கல்லூரி மாணவர்களுக்கு முன்னால், கும்மிருட்டில், முழுசாக இரண்டு நிமிடம் பேசித் தள்ளியிருக்கிறேன். தலைப்பு வேறு: 'காது கேளாத மாணவர்களின் மனநலம்'.

விளக்கைப் போட்டேன். பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் மனநலத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று அப்போதே எழுதிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

அசடு வழியக் கேள்விப் படிவங்களைக் கொடுத்தேன். 'மனம்விட்டுப் பேச உங்களுக்கு ஆள் உண்டா?', 'உங்களால் யாருக்காவது உபயோகம் என்று நினைக்கிறீர்களா?' இப்படி நாற்பது கேள்விகள். அந்தக் கல்லூரியில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது; பதினைந்து நாளில் பன்னிரண்டும் கைக்கு வராவிட்டால் என் ஆராய்ச்சிக்கு மூடுவிழா என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

மறுநாள் மதியம் அவர்களுடைய சாப்பாட்டு மேஜைக்கே போய் நின்றேன். மாணவர் தலைவி என்னைப் பார்த்ததும் விரல்களைச் சுழற்றினாள். அந்த வேகத்துக்காகவே அவளுக்குப் 'புயல்' என்று பெயர்.

"இன்னும் முடிக்கல சார். உக்காருங்க, சாப்பிட்டுட்டே பேசலாம்" என்று அவளுக்காக அக்கா குரல் கொடுத்தார்.

உட்கார்ந்து, என் பெரிய பையை மேஜை நடுவில் வைத்தேன். எதிரும் புதிருமாக நடந்த சைகைப் பேச்சு, பை மறைத்ததில் பாதியில் அறுந்தது. அவசரமாகப் பையை மடிக்கு மாற்றினேன். மறுபடி ஒரு சிரிப்பு.

அதற்கடுத்த நாள், "பேனா தீர்ந்துடுச்சு சார்."

"பன்னிரண்டு பேருக்குமாம்மா?"

"நாங்க ரொம்ப ஒத்துமை சார்."

இன்னொரு நாள், "நிறைய எழுதினா கை வலிக்குது சார். எங்களுக்கு அது தொண்டை கட்டின மாதிரி."

இதற்கு மேல் எந்த ஆராய்ச்சியாளன் வாயைத் திறப்பான்? தினமும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் வம்பளக்கவும் கற்றுக்கொண்டேன். நான் பெரும்பாலும் தப்பாகத்தான் சைகை செய்தேன். அதற்காகவே என்னைப் பேசச் சொல்லி நச்சரித்தார்கள்.

பதினைந்தாம் நாள். அக்கா விடுப்பு. மேஜையில் புயல் மட்டும் இருந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையிலேயே கெஞ்சினேன்.

"நாளைக்குப் பேராசிரியர் என்னைத் தொலைச்சுடுவார். என் கேள்விங்க பிடிக்கலையா? இல்ல, என்னையே பிடிக்கலையா? மழுப்பாம சொல்லிடும்மா."

புயல் தன் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். பன்னிரண்டு படிவங்கள். நாற்பது கேள்விக்கும் பதில் இருந்தது. எல்லாவற்றிலும், நான் படிவம் கொடுத்த அன்றைய தேதி!

நான் திகைத்து நிமிர்ந்தேன். அவள் விரல்கள் முதல்முறையாக நிதானமாக, எனக்குப் புரியும் வேகத்தில் அசைந்தன.

"அன்னைக்கே எழுதி முடிச்சுட்டோம் சார். எங்க வகுப்பு ஜன்னல்லேருந்து பார்த்தா உங்க அறை தெரியும். வேலைக்கு வந்த நாள்லேருந்து ரெண்டு மாசமா சுவரைப் பார்த்துக்கிட்டுத் தனியா சாப்பிட்டீங்களே... இதை அன்னைக்கே கையில கொடுத்திருந்தா, மறுநாள் எங்ககூடச் சாப்பிட வந்திருப்பீங்களா?"