திருட்டு முட்டை

பெட்டியை வாசலில் வைத்த கையோடு சாப்பாட்டறைக்குள் வந்த அக்கா, அப்படியே நின்றுவிட்டாள்.

தம்பி மனைவி, பாப்பாவின் தட்டிலிருந்து ஒரு துண்டு முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாப்பா என்றால் நாற்பத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த தங்கை. பூசணிக்காய் மாதிரி இருந்தவள் இப்போது எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருக்குடி நியாயம்! அவ வாய்க்குப் போறதைப் பிடுங்கித் தின்னுதான் இந்த அழகுக்கு ஆக்கி வெச்சிருக்கியா?"

"அண்ணி, கொஞ்சம் பொறுங்க..."

அதற்குள் பாப்பா, தம்பி மனைவியின் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். "போடி அக்கா! என்னுது!" என்று அடுத்த துண்டை அவசரமாகத் தன் வாயில் திணித்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா? இப்படித் திருடினாத்தான் சாப்பிடறா. இல்லேன்னா தட்டையே பார்த்துக்கிட்டு இருப்பா. சாப்பிடணும்ங்கறதே மறந்துபோகுது."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எடை இறங்கினப்போ நாங்களும் நல்லதுன்னுதான் சந்தோஷப்பட்டோம். டாக்டர்தான் சொன்னார், இவளை மாதிரி பிறந்தவங்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வரலாமாம். ஞாபகம் போறதுக்கு முன்னாடியே சில பேருக்கு உடம்பு இளைச்சிடுமாம். அதான் உங்களை வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன்."

கூப்பிட்டபோதெல்லாம் அக்காவிடம் ஒரு சாக்கு இருந்தது. வேலை, லீவு, டிக்கெட்.

"சின்ன வயசுல நீங்கதான் அவ தட்டுல திருடுவீங்களாமே! அவ 'டி' போட்டுப் பேசினது உங்களை மட்டும்தான். மத்த எல்லாருக்கும் மரியாதைதான். அக்கா எப்ப வருவான்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தா. ஒரு நாள் என்னையே அக்கான்னு கூப்பிட்டா. சரி, அக்காவாவே இருந்துட்டுப் போவோம்னு நானும் திருட ஆரம்பிச்சுட்டேன்."

அக்காவுக்குக் கண் கலங்கியது. அந்த 'போடி'யை ஒரே ஒரு தடவை தானும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனசு கிடந்து ஏங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு துண்டு முட்டையை எடுத்தாள்.

பாப்பா அடிக்கவில்லை. அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை முழுசாக அவள் பக்கம் நகர்த்தினாள்.

"பசிக்குதா? நீங்க சாப்பிடுங்க."