நின்ற நேரம்

"நான் கொஞ்சம் கண் அசந்தா போதும், மெஷினை அணைச்சுப் போட்டுட்டு உட்கார்ந்துடறீங்க! மெஷின் நின்னு ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆயிருக்கு. என்ன நினைச்சிட்டிருக்கீங்க?"

கத்தியவர் கடிகாரம் சார். அந்தப் பெயரை வைத்தது மரம் வெட்டுகிறவர்கள். கையில் பிடித்து அறுக்கும் மெஷின் ரம்பத்தால் ஒரு குழு ஒரு நாளைக்கு எத்தனை மரம் சாய்க்கிறது என்று அளக்கக் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள்.

ரம்பக்காரர் தலையைச் சொறிந்தார். "மெஷின் சூடாயிடுச்சு சார்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் சூடாச்சு சார்."

ஆப்பும் பெட்ரோல் கேனுமாக நின்ற அவருடைய மச்சினன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் ஒன்றும் சின்னதில்லை. மூன்று குழுக்களில் ஒன்றை நிறுத்தப் போகிறார்கள். தினம் பன்னிரண்டு மரம் விழாவிட்டால் இவர்கள்தான் அந்த ஒன்று. அது இவர்களுக்கும் தெரியும். தெரிந்துமா இப்படி?

சரி, அளக்க வந்தவர் மட்டும் தூங்கலாமா என்று கேட்பீர்கள். வீட்டில் ஆறு வாரப் பெண் குழந்தை. பகலெல்லாம் சமர்த்து, இருட்டியதும் ஆரம்பித்துவிடும். "என்ன சார், கண்ணு இப்படிச் செவந்திருக்கு?" என்று முதல் நாளே ரம்பக்காரர் கேட்க, பாவம், அவரிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தார்.

விதிப்படி, வெட்டுகிற இடத்திலிருந்து இரண்டு மர நீளம் தள்ளித்தான் அவர் உட்கார வேண்டும். தினமும் ஒரு பாறையில் சாய்ந்துகொள்வார். மதியச் சாப்பாடு ஆனதும் ரம்பக்காரர் மெஷினை மடியில் போட்டு, அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவார். சர்... சர்... மெஷின் நின்றதால் சார் ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவார். திரும்ப ஓடும்போது அந்தச் சத்தத்தில் தானாக விழிப்பு வந்துவிடும் என்று கண்ணை மூடுவார்.

சத்தம் வராது. கனவுதான் வரும்.

கனவில் மரங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். "என் கிளையில தொட்டில் கட்டுங்க சார்", "இல்ல, என் கிளையில" என்று போட்டி போடும். மகள் ஒவ்வொரு மரத்திலும் மாறி மாறி ஆடுவாள், அழவே மாட்டாள். அவர் கையில் இருக்கும் தாளில் ஒரு கட்டமும் நிரம்பியிருக்காது. ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மரத்தூள் மட்டும் மெல்ல, மெல்ல விழுந்துகொண்டே இருக்கும்.

விழிக்கும்போது வெயில் மேற்கே இறங்கியிருக்கும். இருந்தும் அவர் முகத்தில் நிழல் இருக்கும். நல்ல இடமாகத்தான் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வார். அப்புறம்தான் எதிரே பார்ப்பார். இரண்டு பேரும் வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று நாளும் இதே கதை.

முந்தைய இரண்டு நாளைப் போலவே சார் அன்றைய தாளையும் நிரப்பினார். மரங்கள்: ஒன்பது. நின்ற நேரம்: ஒரு மணி நேரம் பத்து நிமிடம். காரணம்: தொழிலாளர் சோம்பல்.

நான்கு மணிக்கு ஜீப்பில் கிளம்பினார். பாதி வழியில்தான் நினைவு வந்தது, அட்டையைப் பாறையிலேயே வைத்துவிட்டோம். காலையில் அதைத்தானே ஆபீசில் கொடுக்க வேண்டும்? ஜீப் திரும்பியது.

தூரத்திலேயே ரம்பத்தின் சத்தம் கேட்டது.

வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் ரம்பக்காரர் திருட்டு முழி முழித்து மெஷினை அணைத்தார்.

"இந்நேரத்துக்கு என்ன வேலை?"

"மத்தியானம் விட்டுப்போன மூணு மரம் சார்," என்றான் மச்சினன். "பன்னிரண்டு ஆகணும்ல? தினமும் முடிச்சுட்டுத்தான் போறோம்."

காலையில் வந்து அடிக்கட்டைகளை எண்ணியிருந்தால் சாருக்கும் தெரிந்திருக்கும். அவர்தான் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறவர் ஆயிற்றே.

"அதை மத்தியானமே வெட்டித் தொலைக்கறதுக்கு என்ன?"

மச்சினன் வாயைத் திறந்தான். ரம்பக்காரர் முறைத்தார். மூடிக்கொண்டான்.

சார் எரிச்சலோடு பாறைக்குப் போய்க் குனிந்து அட்டையை எடுத்தார். பாறைக்குப் பின்னால், மேற்குப் பக்கமாக, இலையோடு வெட்டிய மூன்று பெரிய கிளைகள் மண்ணில் ஊன்றியிருந்தன. ஒன்று காய்ந்து சருகாகியிருந்தது. ஒன்று பாதி வாடியிருந்தது. ஒன்று இன்னும் பச்சையாக இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மெஷினைப் போட்டா நீங்க எந்திரிச்சிடுவீங்களே சார்," என்றான் மச்சினன், இதற்கு மேல் அடக்க முடியாமல்.

"நீ சும்மா இருடா," என்று அவனை அதட்டிவிட்டு ரம்பக்காரர் கூச்சத்தோடு சொன்னார்: "எங்க வீட்லயும் ரெண்டு சார். மூணு மாசம் ஆனா ராத்திரியில தூங்க ஆரம்பிச்சிடும். அதுவரைக்கும்தான் கஷ்டம்."

சாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாறையிலேயே உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

ஒன்பதைப் பன்னிரண்டாக்கினார், மூன்று நாளுக்கும். நின்ற நேரத்தை அப்படியே விட்டார். காரணம் என்ற கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, மேலே தெளிவாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்:

'அளக்க வந்தவர் தூங்கிவிட்டார்.'