எரிச்சல் பட்டன்

"மூணு நாளா இவ தூங்கவே இல்ல டாக்டர். நான் சொல்லல, டேட்டா சொல்லுது."

தெய்வசிகாமணி தன் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, சுரங்க ஆபீஸ் ரிவ்யூ மீட்டிங்கில் உட்காரும் தோரணையில் உட்கார்ந்திருந்தார். போனுக்குள் புதுச்சேரி டாக்டர். பக்கத்து நாற்காலியில் மனைவி சண்முகப்பிரியா, ரிவ்யூவுக்கு வந்த பழுதான மோட்டாரைப் போல.

இன்று எண்பத்தெட்டாம் நாள்.

அவளுடைய போனில் இருக்கும் ஆப்பில் தொண்ணூறு நாள் கோடு பச்சையாகவே போனால் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனசு ஏறி இறங்கும் வியாதியை மாத்திரை அடக்கித்தான் வைத்திருந்தது. கூடவே கையையும் நடுங்க வைத்தது. ஊசியில் நூல் கோத்து ஒரு வருஷமாகிறது. பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று மெஷினிலேயே கிடக்கிறது.

தூக்கம், நடை, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் அவள் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் பார்த்துக்கொள்ளும். மனசைத் தெய்வசிகாமணி பார்த்துக்கொள்வார். அதற்காக அவளுடைய போன் எப்போதும் அவர் கையில்தான். அவள் சிரித்தால் 'மிகை உற்சாகம்' பட்டன். பேசாமலிருந்தால் 'சோர்வு'. வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிட்டால் 'எரிச்சல்'.

"நம்ம பிளாக்லயே உங்களுக்கு ஓட்டு விழாதுங்க" என்று போன வாரம் சொன்னாள். எரிச்சல், பத்துக்கு எட்டு.

குடியிருப்போர் சங்கத் தேர்தலில் அவர் செயலாளர் பதவிக்கு நிற்கிறார். மூன்று நாளாக பிளாக் பிளாக்காகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றுகிறார். வீடு திரும்பினால் விடிய விடிய தேர்தல் அறிக்கை. தான் ஜெயித்தால் இந்த டவுன்ஷிப் சிங்கப்பூர் ஆகிவிடும் என்று நேற்றுத் தண்ணீர் கேன் போட வந்தவரிடம் முக்கால் மணி நேரம் விளக்கினார்.

அவருக்கு வியாதி எதுவும் இல்லை. அவர் வேட்பாளர்.

"நேத்து பதினெட்டாயிரம் ஸ்டெப் நடந்திருக்கீங்க. எங்கம்மா போனீங்க?" என்றார் டாக்டர்.

துணி காயப்போட மாடிக்குப் போனாள். அவ்வளவுதான். ஒன்பதரைக்குப் படுத்தவளைப் பால்காரர்தான் எழுப்பினார். ஆனால் சிவப்புக் கோடு ராட்சத ராட்டினம் மாதிரி மேலே போயிருந்தது. தன்னையறியாமல் எழுந்து நடந்தோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இப்பகூட பாருங்க டாக்டர், உக்காந்த எடத்துல நூத்தி இருபத்தி நாலு!" அவளுடைய போனைப் பார்த்துத் தெய்வசிகாமணி குரலை உயர்த்தினார். நூற்று முப்பது ஆனது.

சண்முகப்பிரியா வாட்ச்சை ஒதுக்கி, இடது மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். நாடி நிதானமாக நடந்தது, நைட் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிறவரின் சைக்கிளைப் போல.

கிர்ர் என்று ஒரு வாட்ச் அதிர்ந்தது. அவள் கையில் இருந்தது அல்ல.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இருவருக்கும் வந்தவை. ஒரே கருப்பு, ஒரே பட்டை. இரண்டும் ஃபிரிட்ஜ் மேல்தான் சார்ஜ் ஏறும். மாறிவிடக் கூடாதென்று தன்னுடைய கொக்கியில் அவள் சிவப்பு நெயில்பாலிஷ் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பொட்டு இல்லை.

அவர் கையில் இருந்தது. மேலே எழுத்துகள் ஒளிர்ந்தன: 'சண்முகப்பிரியா, படபடப்பாக இருக்கிறீர்கள். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்.'

"இது வேற நேரங்காலம் தெரியாம" என்று, பார்க்காமலேயே அதன் தலையில் தட்டி அணைத்தார் தெய்வசிகாமணி.

"மாத்திரைய ஒண்ணு கூட்டிரலாம்" என்றார் டாக்டர். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

சண்முகப்பிரியா வாயைத் திறந்தாள்.

தெய்வசிகாமணியின் கட்டைவிரல் 'எரிச்சல்' பட்டனுக்கு மேலே போய்த் தயாராக நின்றது.